ஈத் ஜீரோ எங்கே போனது?

சனிக்கிழமை காலை ஏழரை மணி இருக்கும். அக்கா மகள் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மூச்சிரைக்க வந்து நின்றாள். ஏழாவது படிக்கிறாள்.

“மாமா, படிப்பகத்துக் கம்ப்யூட்டர்ல நெட்டு வரலீங்க.”

“நேத்து வந்துச்சா, கண்ணு?”

“சாயங்காலம்கூட வந்துச்சுங்க. ராத்திரி நீங்க அப்டேட் போட்டீங்கல்ல, அதுக்கப்புறம்தான் இப்படி. பசங்க நாலு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. வேப்பமரத்துல ஒரு பறவை கத்துது. என்ன பறவைன்னு நெட்டுல கேட்டுப் பார்க்கணும்.”

“எப்படிக் கத்துது?”

“டொக்கு, டொக்கு, டொக்குன்னு. நிறுத்தவே மாட்டேங்குது.”

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் பழைய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. அதில் ஓடுவது லினக்ஸ் வகை இயங்குதளம். பல ஆண்டுகளாக ஒரே பதிப்பில் இருந்த அதைப் புதிய பதிப்புக்கு மாற்றும் வேலையை வெள்ளிக்கிழமை இரவு நான்தான் செய்தேன். எல்லாம் முடிந்து திரை வந்ததும் அணைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இணையம் வருகிறதா என்று ஒரு முறை திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பையன்கள் கணினியை மூன்று முறை அணைத்துப் போட்டிருந்தார்கள். கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகியிருந்தார்கள். “எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்திடலாமுங்களா?” என்று ஒருவன் கேட்டான். பெரியவர்களே பல பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். அழித்துவிட்டால் கோளாறு போகலாம். ஆனால் கோளாறு என்னவென்று கடைசிவரை தெரியாது. அடுத்த முறை வந்தால் மறுபடியும் அழிக்க வேண்டியதுதான்.

கிணற்று மோட்டார் ஓடாவிட்டால் தோட்டத்துத் தாத்தா என்ன செய்வார் என்று பார்த்திருக்கிறீர்களா? உடனே மோட்டாரைக் கழற்ற மாட்டார். மோட்டார் ரூமுக்குள் போய் முதலில் பலகையில் இருக்கும் மூன்று விளக்குகளும் எரிகின்றனவா என்று பார்ப்பார். மூன்று பேஸில் ஒன்று வராவிட்டால் ஒரு விளக்கு எரியாது. மூன்றும் எரிந்தால் பீஸ் கட்டையைப் பார்ப்பார். அதுவும் சரியென்றால் ஸ்டார்ட்டர். அதன் பிறகுதான் மோட்டார். பக்கத்தில் இருப்பதை முதலில், சுலபமாகப் பார்க்கக்கூடியதை முதலில். ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்விதான்: இதுவரை வந்திருக்கிறதா?

கணினிக்கும் அதே வழியில் போனோம்.

முதலில் கேபிள். அதன் முனையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தலை இருக்கும். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். உள்ளே எட்டுக் கம்பிகள் வரிசையாக நிற்பது தெரியும்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நான்கு நிறங்கள்; ஒவ்வொன்றுக்கும் அதே நிறக் கோடு போட்ட வெள்ளைக் கம்பி ஒன்று ஜோடி. தலைக்குச் சற்றுப் பின்னால் உறையை உரித்தால், ஒவ்வொரு ஜோடியும் சடை பின்னியதுபோல ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும். அழகுக்காகச் சுற்றவில்லை. பக்கத்தில் ஓடும் மின்விசிறி, டியூப்லைட், அடுத்த ஜோடிக் கம்பி எல்லாமே இந்தக் கம்பிகளில் தேவையில்லாத இரைச்சலைக் கிளப்பும். இரண்டு கம்பிகளும் முறுக்கிக்கொண்டு போவதால் அந்த இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் கணினி படிக்கிறது. இரண்டிலும் ஒரே அளவாக இருப்பதைக் கழித்தால் என்ன மிஞ்சும்? இரைச்சல் போய்விடும், செய்தி மட்டும் நிற்கும். இந்த முறுக்குக் கம்பி யோசனைக்கு 1881-இல் காப்புரிமை பெற்றவர் தொலைபேசி புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல். 140 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அது உங்கள் மேசைக்குப் பின்னால் வேலை செய்துகொண்டிருக்கிறது.

தலையைச் செருகினோம். ‘டிக்’ என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் வராவிட்டால் கொண்டி மாட்டவில்லை என்று அர்த்தம். செருகும் இடத்தின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. கேபிளின் மறுமுனையில், இணையத்தைக் கொண்டுவரும் ரூட்டர் பெட்டியிலும் எரிந்தது. ஆக, கம்பி சரி. (ஒன்று சொல்லிவிடுகிறேன். சில கணினிகளில் இயங்குதளம் எழுப்பிவிட்டால்தான் இந்த விளக்கு எரியும். அதனால் விளக்கு எரிந்தால் கம்பி நன்றாக இருக்கிறது என்று நம்பலாம். எரியாவிட்டால் கம்பிதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.)

அடுத்து, கறுப்புத் திரையைத் திறந்தோம். டெர்மினல் என்பார்கள். படங்கள் இல்லாமல் எழுத்தாலேயே கணினியோடு பேசும் இடம். அதில் ‘பிங்’ என்று அடித்து 127.0.0.1 என்ற எண்ணைப் போடச் சொன்னேன். இது விநோதமான எண். எந்தக் கணினியில் இதை அடித்தாலும் அது அந்தக் கணினியையே குறிக்கும். ‘நான்’ என்ற சொல்லைப் போல. யார் சொன்னாலும் சொல்கிறவரைத்தானே அது குறிக்கிறது? 127-இல் தொடங்கும் 1 கோடியே 67 லட்சத்துக்கும் அதிகமான முகவரிகள் இந்த ஒரே வேலைக்காக ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

டக் டக்கென்று பதில் வரிகள் ஓடின. கணினி தன்னோடு தானே பேசிக்கொண்டது. வலைப்பின்னலுக்கான மென்பொருள் உள்ளே உயிரோடுதான் இருக்கிறது.

பிங் பற்றி ஒரு நிமிடம். நீர்மூழ்கிக் கப்பலில் சோனார் என்ற கருவி உண்டு. அது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும். எதிரில் ஏதாவது இருந்தால் அதில் பட்டு எதிரொலி திரும்பி வரும். வர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லலாம். அமெரிக்க ராணுவத்தின் ஏவியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மைக் மியூஸ் என்பவர், 1983 டிசம்பரில், ஒரு வலைப்பின்னல் ஏன் கோளாறு செய்கிறது என்று கண்டுபிடிக்க ஒரே இரவில் சின்ன நிரல் ஒன்றை எழுதினார். “இருக்கிறாயா?” என்று ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பும். “இருக்கிறேன்” என்று பதில் வந்தால் எத்தனை மில்லி நொடி ஆனது என்று காட்டும். சோனார் ஒலிக்கும் ஓசையையே அதற்குப் பெயராக வைத்தார்: பிங். இன்றும் உலகத்தில் எங்கே இணையம் நின்றாலும் சரிசெய்ய வருகிறவரின் விரல் முதலில் தேடிப்போவது பெரும்பாலும் இதைத்தான்.

அடுத்த பிங், ரூட்டர் பெட்டிக்கு. எங்கள் ரூட்டரின் முகவரி 192.168.1.1. அடித்தோம். பதில் வரவில்லை. ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் வந்தது: ‘நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்’.

பையன்கள் “போச்சு” என்றார்கள். எனக்கு அந்த வரியைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தது. பிழைச் செய்தியைப் படிக்காமல் மூடிவிடுவது, ஊருக்கு வழி சொல்ல வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவது மாதிரி. ‘கடிதம் போட்டேன், பதில் இல்லை’ என்பது ஒரு நிலைமை. ‘கடிதம் போடத் தெருவே இல்லை’ என்பது வேறு நிலைமை. இந்தச் செய்தி இரண்டாவது வகை. கணினி எதையும் வெளியே அனுப்பவே இல்லை. அனுப்ப வழியே தெரியாமல் நிற்கிறது. அப்படியானால் தப்பு வெளியில் இல்லை. இணைய நிறுவனத்துக்குப் போன் போட வேண்டியதில்லை. கோளாறு இந்தக் கணினிக்குள்ளேயேதான் இருக்கிறது.

“அப்போ நெட்வொர்க் கார்டு செத்துப்போச்சுங்களா, மாமா?”

“கேட்டுப் பார்ப்போம். ‘ஐபி’ன்னு அடிச்சு, ஒரு இடம் விட்டு, ‘லிங்க்’னு அடி.”

கணினியில் செய்தி போய்வரும் வலைக் கதவுகள் எல்லாவற்றையும் அந்தக் கட்டளை வரிசைபோட்டுக் காட்டும். முதல் வரியில் ‘எல்ஓ’ என்று இருந்தது. அது தன்னோடு தான் பேசும் கதவு. இரண்டாவது வரியில் ‘ஈ-என்-பி-3-எஸ்-0’ என்று புரியாத ஒரு பெயர். அதன் பக்கத்தில் ‘டவுன்’, அதாவது மூடிக்கிடக்கிறது. அதற்குக் கீழே, இரண்டிரண்டாகப் பிரித்த 12 எழுத்தும் எண்ணும். அதுதான் மேக் முகவரி, கார்டு செய்யும்போதே அதில் பதித்து அனுப்பும் அடையாளம். முதல் பாதி செய்த நிறுவனத்தைச் சொல்லும். பிற்பாதி அந்தக் கார்டுக்கே உரியது. அது ஒழுங்காகத் தெரிகிறது என்றால் கார்டு சாகவில்லை, இயங்குதளத்துக்கும் அதை அடையாளம் தெரிகிறது.

பின் ஏன் திறக்கவில்லை?

கணினி எழுந்ததும் எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவைத்திருக்கும். அதைத் திறந்தோம். அதில் இருந்தது இரண்டே வரி. முதல் வரி, ‘ஈத்0-ஐத் தானாகத் திற’. இரண்டாவது, ‘ஈத்0-க்கு முகவரியை ரூட்டரிடம் கேட்டு வாங்கு’.

அக்கா மகள் திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“மாமா, இதுல ஈத் ஜீரோன்னு போட்டிருக்கு. அந்த லிஸ்ட்டுல ஈத் ஜீரோவே இல்லீங்களே?”

அதேதான். கதவும் இருக்கிறது, திறக்கிறவனும் இருக்கிறான். அவனுக்குக் கொடுத்த சீட்டில் பழைய பெயர் இருக்கிறது. அந்தப் பெயரில் இப்போது கதவு இல்லை. தேடிப் பார்த்தான், காணவில்லை, சும்மா இருந்துவிட்டான்.

ஈத் ஜீரோ என்ற பெயரிலேயே ஒரு கதை உண்டு. 1973 மே மாதம், கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் என்ற இளைஞர் பல கணினிகளை ஒரே கம்பியில் இணைக்கும் யோசனையை எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் ஈதர்நெட். ஈதர் என்றால்? அலை போக வேண்டுமானால் ஊடகம் வேண்டும் அல்லவா? தண்ணீர் அலைக்குத் தண்ணீர், ஒலிக்குக் காற்று. ஒளி மட்டும் வெட்டவெளியைத் தாண்டி வருகிறதே, அதற்கு எது ஊடகம்? வெளியெங்கும் ஈதர் என்ற ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நிறைந்திருக்கிறது என்று 19-ஆம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் நம்பினார்கள். 1887-இல் மைக்கெல்சனும் மார்லியும் மிக நுட்பமான சோதனை செய்து பார்த்தார்கள். ஈதரின் சுவடே கிடைக்கவில்லை. அப்படி ஒன்று தேவையில்லை என்று இயற்பியல் பிறகு விட்டுவிட்டது. பெயர் மட்டும் நிலைத்து, மெட்கால்ஃபின் கம்பிக்கு வந்து, ஈத் என்று சுருங்கிப் படிப்பகத்துக் கணினி வரை வந்து சேர்ந்திருக்கிறது. இல்லாத ஒரு பொருளின் பெயர்!

ஜீரோ என்பது வரிசை எண். கணினிகள் பூஜ்யத்திலிருந்து எண்ணும். பழைய லினக்ஸ் கணினிகளில், எழும்போது எந்தக் கார்டு முதலில் கண்ணில் படுகிறதோ அது ஈத்0, அடுத்தது ஈத்1. ஒரே கார்டு உள்ள வீட்டுக் கணினிக்கு இதில் தொல்லை இல்லை. இரண்டு கார்டு உள்ள பெரிய கணினியை நினைத்துப் பாருங்கள். ஒன்று அலுவலகத்துக்குள், இன்னொன்று வெளி உலகத்துக்கு. வகுப்பில் முதலில் வருகிறவனுக்கு 1, அடுத்தவனுக்கு 2 என்று தினமும் வருகைப் பதிவு போட்டால் என்ன ஆகும்? நேற்று 1 என்று குறித்த மதிப்பெண் இன்று வேறொருவனுக்குப் போய்விடும். அதேபோல ஒரு நாள் இரண்டாவது கார்டு முந்திக்கொண்டு எழுந்தால் பெயர்கள் இடம் மாறிவிடும். வெளியாரைத் தடுக்க வாசலில் நிறுத்திய காவல்காரன் உள்ளறைக் கதவில் நிற்பான். வாசல் திறந்துகிடக்கும்.

இதைத் தீர்க்கத்தான், பல லினக்ஸ் கணினிகளை எழுப்பிவிடும் சிஸ்டம்டி மென்பொருளின் 2013 ஜனவரியில் வந்த 197-ஆவது பதிப்பில் புது முறையைக் கொண்டுவந்தார்கள். வந்த வரிசையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பெயராக வைப்பது. ஈ-என் என்றால் கம்பிவழி ஈதர்நெட். கம்பியில்லா வைஃபை என்றால் டபிள்யூ-எல் என்று தொடங்கும். பி-3 என்றால் கணினிக்குள் 3-ஆம் எண் தடம். எஸ்-0 என்றால் அந்தத் தடத்தில் 0-ஆம் இருக்கை. ஈ-என்-பி-3-எஸ்-0 இப்போது புரிகிறதா? ‘மாரியம்மன் கோயில் தெருவில் முதல் வீடு’ என்பது போன்ற முகவரிதான்.

பழைய பெயரிலேயே வாழ்ந்துகொண்டிருந்த கணினிகளில், அந்தப் பெயரைப் பிடித்துவைக்க ஒரு விதிக்கோப்பு இருந்தது. நாளடைவில் அந்த வழியைக் கைவிட்டார்கள். வெள்ளிக்கிழமை இரவு எங்கள் ஈத்0 போனது இதனால்தான். டெபியன் என்ற புகழ்பெற்ற லினக்ஸ் தொகுப்பு 2019 ஜூலையில் 10-ஆம் பதிப்பை வெளியிட்டபோது, ‘ஈத்0 போன்ற பழைய பெயர் இன்னும் உங்களிடம் இருந்தால் முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வலை இணைப்புப் போய்விடலாம்’ என்று தன் வெளியீட்டுக் குறிப்பிலேயே எச்சரித்திருந்தது. இந்தக் குறிப்புகள் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அரைமணி நேரம் ஒதுக்கிப் படித்துவிட்டுப் பதிப்பு மாற்றுவது நல்ல பழக்கம். (டெபியன் பதிப்புகளுக்கெல்லாம் ‘டாய் ஸ்டோரி’ படத்துப் பாத்திரங்களின் பெயர்தான். 10-ஆம் பதிப்பின் பெயர் பஸ்டர், அந்தப் படத்தில் வரும் நாய். நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.)

சரி, கோப்பைத் திருத்துவோம். முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்தோம். ‘பழையது’ என்று பெயர் வைத்தோம். திருத்தப் போய் இன்னும் கெட்டுவிட்டால் திரும்பி வர வழி வேண்டும் அல்லவா? பிறகு இரண்டு வரியிலும் ஈத்0-ஐ அழித்து ஈ-என்-பி-3-எஸ்-0 என்று அக்கா மகளே அடித்தாள். சேமித்தாள். வலைச் சேவையை மறுபடி தொடங்கினோம்.

வரவில்லை.

பையன்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். “இப்ப அடிச்ச வரியை எழுத்து எழுத்தாப் படி, கண்ணு” என்றேன். படித்தாள். எல்லாம் சரியாகத்தான் கேட்டது. திரையைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கடைசியில் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து ‘ஓ’ விழுந்திருந்தது! இரண்டும் வட்டம்தான். நம் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கோ ஒன்றுக்கு எண் 48, மற்றதற்கு எண் 111. அது பார்ப்பது வடிவத்தை இல்லை, இந்த எண்களை. அதனால்தான் டெர்மினல் எழுத்துருக்களில் பூஜ்யத்துக்குள் ஒரு புள்ளியோ கோடோ போட்டிருப்பார்கள். இனி அதைப் பார்த்து அடியுங்கள்.

திருத்தினாள். மறுபடி தொடங்கினோம். இம்முறை வரிகள் ஓடின.

அந்தச் சில நொடிகளில் நடந்த உரையாடல் எனக்கு மிகவும் பிடிக்கும். கதவு திறந்த உடனே கணினிக்கு முகவரி கிடையாது. முகவரி இல்லாதவன் யாருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது? அதனால் 0.0.0.0 என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, தெருவில் இருக்கும் எல்லாருக்கும் கேட்கும்படி கூவுகிறது: “இங்கே முகவரி கொடுப்பவர் யாராவது உண்டா?” ரூட்டர் சொல்கிறது: “இருக்கிறேன். 192.168.1.23 காலியாக இருக்கிறது, வேண்டுமா?” கணினி: “சரி, அதையே எனக்குக் கொடுங்கள்.” ரூட்டர்: “எழுதிக்கொண்டேன். இத்தனை மணி நேரத்துக்கு அது உன்னுடையது.” ஆமாம், குத்தகைதான். காலம் முடிவதற்குள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இந்த நான்கு வாக்கிய வழக்கத்துக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். 1993-இல் வகுத்தது. உங்கள் வீட்டுக் கைப்பேசி ஒரு வைஃபையில் முதல்முறை இணையும்போதும் இதே பேச்சுதான் நடக்கிறது. யாருமே பதில் சொல்லாவிட்டால் பல கணினிகள் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாமே வைத்துக்கொள்ளும். அந்த எண்ணை எங்கேயாவது பார்த்தால், ‘கூவினேன், யாரும் பேசவில்லை’ என்று அது சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ரூட்டருக்குப் பிங். ஒரு மில்லி நொடிக்குள் பதில். அடுத்து வெளியுலகத்தில் ஒரு எண், 8.8.8.8. அதிலிருந்தும் பதில் வந்தது, கொஞ்சம் தாமதித்து. தாமதம் ஏன் என்று கணக்குப் போடலாமா? கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். உதாரணத்துக்கு, சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் 2002-இல் போட்ட ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ. அந்த வழியே போக 16 மில்லி நொடி, திரும்ப 16. எவ்வளவு வேகமான கணினி வாங்கினாலும் அந்த 32-ஐக் குறைக்க முடியாது. அந்த இழையில் ஒளி அதற்கு மேல் ஓடாது.

கடைசியாக எண்ணை விட்டுவிட்டு ஒரு இணையதளத்தின் பெயரைப் போட்டுப் பிங் செய்தோம். எண் பதில் சொல்லி, பெயர் பதில் சொல்லாவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். பக்கம் கோளாறு என்று தெரிந்துகொள்ளலாம். இணையத்தின் ஆரம்பக் காலத்தில் அதில் இணைந்திருந்த கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் எலிசபெத் ஃபீன்லர் என்ற அம்மையாரின் குழு அதைப் பராமரித்தது. எல்லாரும் அந்தக் கோப்பை அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் பெயர்ப் பொறுப்பைப் பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் டி.என்.எஸ். முறையை வடிவமைத்தார். இன்று .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முடியும் இணையப் பெயர்கள்கூட அதில் உண்டு.

எங்களுக்குப் பெயரும் பதில் சொன்னது.

எல்லாக் கோளாறும் இப்படிப் பெயரில் இருக்காது. இயங்குதளத்தைப் புதுப்பித்த பிறகு ‘ஐபி லிங்க்’ வரிசையில் எல்ஓ மட்டும் இருந்து, கார்டே தென்படாவிட்டால் அது வேறு கதை. யானைக்குப் பாகன் மாதிரி ஒவ்வொரு கார்டுக்கும் டிரைவர் என்ற மென்பொருள் உண்டு. இயங்குதளம் பேசுவது டிரைவரிடம். டிரைவருக்குத்தான் அந்தக் கார்டின் பாஷை தெரியும். யானை கம்பீரமாக நிற்கும், பாகன் வராவிட்டால் ஊர்வலம் நகராது. வைஃபை கார்டுகளுக்குக் கூடுதலாக ஃபர்ம்வேர் என்ற இன்னொரு கோப்பும் தேவைப்படும். கார்டு தென்படாவிட்டால், கணினியை எழுப்பும்போது வரும் பட்டியலில் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். கர்னல் என்பது இயங்குதளத்தின் நடுமையம். பெரும்பாலான லினக்ஸ் தொகுப்புகள் பழையதையும் ஒன்றிரண்டு வைத்திருக்கும். அதில் இணையம் வந்தால், புதிய கர்னலுக்குப் பாகன் வரவில்லை என்பது தெரிந்துவிடும். அவனைப் பதிவிறக்க இணையம் வேண்டுமே என்று கேட்கிறீர்களா? அம்மாவின் கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் செருகி, அமைப்பில் ‘டெதரிங்’ என்பதை இயக்கினால் கைப்பேசியே தற்காலிகமாக வலைக் கதவாகிவிடும்.

பறவையை மறந்துவிட்டோமே. ஒலிப்பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார்கள். நான்காவதில் ஒருவன் “இதுதான், இதுதான்!” என்று குதித்தான். செம்மார்புக் குக்குறுவான். செம்புப் பாத்திரத்தில் சுத்தியால் தட்டுவதுபோல ஒரே சுருதியில் தட்டிக்கொண்டே இருக்கும் சின்னப் பறவை. ஜன்னலுக்கு வெளியே அது இன்னும் நிறுத்தவில்லை.

அக்கா மகள் மட்டும் கணினியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“மாமா, அந்த மூணாம் தடத்தைப் பார்க்கணுமுங்க.”

சுவிட்சை அணைத்தோம். பிளக்கையும் பிடுங்கினோம். பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலை மின்சாரத்தைப் போக்கிக்கொண்டு பக்கப் பலகையைக் கழற்றினேன். கேபிள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகத்தளவில், கறுப்பாக ஒரு சில்லு தாய்ப்பலகையிலேயே ஒட்டியிருந்தது. இதுதான் கார்டு. ‘3’ என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. கணினி எழும்போது தடங்களில் ஒவ்வொன்றாக நடந்து, தானே எண்ணிக்கொள்கிறது.

“அப்போ நடுவுல இன்னொரு கார்டு சொருகினா எண்ணிக்கை மாறிடாதுங்களா?”

நல்ல கேள்வி. பதில் சொல்வதைவிடச் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. அலமாரியில் கிடந்த பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைத் தூசி தட்டிச் செருகி மூடிப் போட்டோம். ‘ஐபி லிங்க்’. இரண்டாவது வரியில் ஈ-என்-பி-4-எஸ்-0! இணையம் மறுபடியும் நின்றுவிட்டது. இடத்தைப் பெயராக வைக்கும் முறைக்கு இருக்கும் பலவீனம் இது. புதிதாக ஒரு வீடு முளைத்தால் அடுத்த வீடுகளின் எண் தள்ளிப்போகிறது.

“நாமளே பேர் வைக்க முடியாதுங்களா?”

முடியும். மேக் முகவரி எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் மாறாது. இந்த மேக் முகவரி உள்ள கதவுக்கு இந்தப் பெயர் என்று ஒரு சிறு கோப்பில் எழுதிவைத்தால் போதும். பெயர் 15 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். முக்கியமான நிபந்தனைகள் இவைதான்.

“மாமா, நீங்க எந்திரிங்க” என்றாள். எழுந்தேன். மேக் முகவரியைத் தாளில் எழுதி, இரண்டு முறை சரிபார்த்து, கோப்பில் அடித்தாள். பெயரை யோசிக்க அவளுக்கு நேரமாகவில்லை. திறக்கவேண்டிய கதவின் கோப்பிலும் இரண்டு வரியையும் மாற்றினாள். பூஜ்யத்தை அடிக்கும்போது மட்டும் விசைப்பலகையைக் குனிந்து பார்த்தாள். அணைத்து, கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு ஒரு முறை, மறுபடி செருகி ஒரு முறை, இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தோம். இரண்டிலும் இணையம் வந்தது.

எங்கள் படிப்பகத்துக் கணினியில் ‘ஐபி லிங்க்’ என்று அடித்தால் இப்போது முதல் வரியில் எல்ஓ வரும். இரண்டாவது வரியில் வேம்பு0.